கை உயரும் விதம்



ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் நாள்தோறும் கண்டுவரும் காட்சி ஒன்று உண்டு. வகுப்பறையில் வினாவொன்று எழுப்பப்படுகிறது. விடை தெரிந்த பிள்ளைகள் கையை உயர்த்துகிறார்கள். விடையில் உறுதியுடைய பிள்ளையின் கை காதோடு ஒட்டி நேரே மேல்நோக்கி நிற்கும். ஐயமுடைய பிள்ளையின் கை முழங்கையில் மடிந்து, உயர்வதா தாழ்வதா என்று தயங்கி நிற்கும். கையின் உயரத்தைக் கொண்டே பிள்ளையின் உள்ளத்தை அளந்துவிடலாம் என்று, நான் பயிற்சி பெற்ற காலத்தில் மூத்த ஆசிரியை ஒருவர் சொன்னதுண்டு. ஆயினும் அந்தக் கை எவ்வாறு உயர்கின்றது என்று நான் ஒருநாளேனும் சிந்தித்ததில்லை. என் கை உயர மறுத்த பின்னரே அந்தச் சிந்தனை எனக்கு வந்தது.

நான் கலைப்பட்டதாரி, தமிழும் வரலாறும் கற்பித்தவள். உடற்கூற்றியல் என் துறையன்று. என் 52 ஆம் வயதில் ஒருநாள், எட்டாம் வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியில் பாடத்தின் தலைப்பை எழுதுவதற்கு வலக்கையை உயர்த்தினேன். கை தோளளவில் நின்றுவிட்டது. அதற்கு மேல் உயர்த்த முயன்றபோது எழுந்த வலி கண்ணில் நீரை வரவழைத்தது. பிள்ளைகள் அறியாதவாறு பலகையின் நடுவிலிருந்து எழுதத் தொடங்கினேன். அன்றிலிருந்து பல கிழமைகள் என் எழுத்துப் பலகையின் கீழ்ப்பாதியிலேயே தங்கிவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். அந்த நாட்களில், விஞ்ஞான ஆசிரியையிடம் நூல் இரவல் பெற்றும், வைத்தியர்களிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானொலிப் பேச்சிலே படம் வரைந்து காட்ட இயலாது. எனினும் படத்தினும் சிறந்த பொருள் ஒன்று உங்கள் எல்லோரிடமும் உண்டு. அது உங்கள் உடம்பு. இருந்த இடத்தில் இருந்தவாறே இடக்கை விரல்களை மிடற்றின் அடியிலுள்ள சிறு பள்ளத்தில் வையுங்கள். அங்கிருந்து வலப்புறமாக விரல்களை நகர்த்தினால், தோலின் கீழே புடைத்து, சற்றே வளைந்து வளைந்து செல்லும் என்பொன்று தட்டுப்படும். அதுவே காறையென்பு. காறை என்பது கழுத்தணி ஒன்றின் பழைய பெயர். அவ்வணி தங்கும் இடத்தில் இருத்தலால் என்பும் அப்பெயர் பெற்றது போலும். தாயின் வயிற்றிலே கரு உருவாகி ஐந்தாறு கிழமைகள் ஆகும்போதே, மற்றெல்லா என்புகளுக்கும் முன்னதாக என்பாகத் தொடங்குவது இதுவே. வளர்ச்சி முற்றுப்பெறுவதிலோ இது கடைசி. இருபது வயதைக் கடந்த பின்னரும் இதன் உள்முனை வளர்ந்துகொண்டிருக்கும்.

காறையென்பு மார்பென்போடு கூடும் அந்தச் சிறு மூட்டில் விரலைச் சற்று நிறுத்துங்கள். விரல் நுனி தொடக்கம் தோள்வரை உள்ள கை முழுவதும் உடம்பின் நடுக்கட்டோடு என்புவழியாகத் தொடுக்கப்பட்டிருப்பது அந்த ஓரிடத்தில் மட்டுமே. நெல்மூடை சுமப்பவரின் கையும், குழந்தையைத் தூக்கும் தாயின் கையும் என்புவழியில் பற்றிநிற்பது அச்சிறு மூட்டையே. எஞ்சியவற்றையெல்லாம் தசைகளே தாங்குகின்றன.

இனி, காறையென்பின் வழியே வெளிப்புறமாகச் சென்றால் தோளின் உச்சியில் தட்டையான ஒரு மேடு கிடைக்கும். அது தோள்முனை. ஆனால் அது காறையென்பின் பகுதியன்று. முதுகுப்புறத்திலுள்ள தோட்பட்டை என்பின் நீட்சியாகும். தோட்பட்டை முக்கோண வடிவான தகட்டென்பு. அது விலாவென்புகளின்மேல் படிந்திருக்கிறதேயன்றி அவற்றோடு மூட்டால் இணைக்கப்படவில்லை. தசைகளின்மீது வழுக்கிச் செல்லும் இயல்புடையது. அதன் முன்புறத்திலே வளைந்த ஒரு முனை உண்டு. காறையென்பின் வெளிப்பகுதிக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் அதனை உணரலாம். கிரேக்க மொழியில் அதற்குக் காக்கையின் பெயரால் பெயரிட்டார்கள். நாம் காக்கையலகு என்று சொல்லலாம். காறையென்பைத் தோட்பட்டையோடு பிணைக்கும் வலிமைமிக்க நார்கள் அவ்வலகிலிருந்தே எழுகின்றன.

இப்பொழுது மூட்டுக்கு வருவோம். புயவென்பின் தலை பந்துபோல் உருண்டது. அது பொருந்தும் குழி தோட்பட்டையின் வெளிமூலையில் உள்ளது. இத்தகைய மூட்டுகளைப் பந்துக்கிண்ண மூட்டு என்று பாடநூல்கள் கூறும். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி மருத்துவ நூல், கக்கத்திலும் தொடைச்சந்திலும் உள்ள மூட்டுகளை உரலுக்கு ஒப்பிட்டு ஒரே இனமாக வகுத்தது. இடுப்பு மூட்டுக்கு அவ்வுவமை நன்கு பொருந்தும். தொடையென்பின் தலை ஆழமான குழியிலே புதைந்து கிடக்கிறது. தோளின் குழியோ உரல்போல் ஆழமானதன்று. நமது பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் கரண்டியில் தேசிக்காயை ஏந்தி ஓடும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தோள்மூட்டின் நிலை ஏறத்தாழ அதுவே. புயவென்புத் தலையின் பரப்பிலே மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் ஒருநேரத்தில் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தும் கலந்த வளையம் ஒன்று அமைந்து, குழியைச் சற்று ஆழமாக்குகிறது. கரண்டியின் விளிம்பை உயர்த்தியது போல.

ஏன் இவ்வாறு நிலையற்றதாக அமைந்தது? நாம் நம் கையைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் மார்புக்குக் குறுக்கேயும் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. வலைவீசும் கடற்றொழிலாளி, பனையேறும் தொழிலாளி, கூடையை முதுகில் தாங்கிக் கொழுந்து பறிக்கும் பெண், வேட்டி துவைப்பவர் ஆகிய எவரும் இடுப்பைப் போன்ற ஆழமான மூட்டோடு தம் தொழிலைச் செய்தல் இயலாது. ஆழத்தை விட்டுக்கொடுத்தே தோள் விரிவைப் பெற்றது. விட்டுக்கொடுத்ததன் விலையாக, உடம்பின் பெரிய மூட்டுகளுள் மிக அடிக்கடி நழுவும் மூட்டு என்ற நிலையையும் அது ஏற்றுக்கொண்டது.

இந்த மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. உறையின் சில பகுதிகள் தடித்து, என்பை என்போடு பிணைக்கும் பட்டிகளாக அமைந்துள்ளன. அவற்றை நமது பாடநூல்கள் இணையம் என்று வழங்கும். இக்காலத்துப் பிள்ளைகளிடம் இணையம் என்றால் அவர்களின் எண்ணம் வேறெங்கோ சென்றுவிடும். ஆயினும் இரண்டும் தொடுப்பதையே தொழிலாகக் கொண்டவை. தோளின் உறை இறுக்கமானதன்று. கை கீழே தொங்கும்போது உறையின் அடிப்பகுதி மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருக்கும். கையை உயர்த்தும்போது அம்மடிப்பு விரியும். சட்டை தைப்பவர் கக்கத்தில் சிறிது தளர்வு விட்டுத் தைப்பதன் நோக்கம் எதுவோ, அதுவே இம்மடிப்பின் நோக்கமும். இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதைக்கு அது பின்னர் வேண்டியிருக்கிறது.

உறை தளர்ந்தது, குழி ஆழமற்றது என்றால் மூட்டைக் காப்பது யார்? தசைகளே. தோளின் வெளிப்புறத்தை உருண்டையாக மூடியிருக்கும் பெரிய தசையை நீங்கள் அறிவீர்கள். ஊசி போடும் இடம் அது. கிரேக்கரின் டெல்டா என்னும் முக்கோண எழுத்தின் வடிவினை உடையதால் அதற்கு டெல்டாத் தசை என்று பெயர். அது வலிமை மிக்கது. கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது. ஆனால் அது தனித்து இழுத்தால் புயவென்பின் தலையை மேல்நோக்கித் தூக்கி, தோள்முனையாகிய கூரையிலே மோதச் செய்துவிடும். ஆதலின், தோட்பட்டையிலிருந்து எழும் நான்கு தசைகள் முன்னும் பின்னும் மேலுமாகப் புயவென்பின் தலையைச் சூழ்ந்து, அதனைக் குழியோடு அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. நீண்ட ஏணியை நிமிர்த்தும்போது ஒருவர் அதன் அடியை மிதித்துக்கொள்ள, மற்றவர் தலைப்பக்கத்தை உயர்த்துவதைக் கண்டிருப்பீர்கள். அடியை மிதிப்பவரை யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் அவர் விலகினால் ஏணி வழுக்கிவிடும். நான்கு தசைகளும் அடியை மிதிப்பவர்கள். சட்டைக்கையின் நுனியிலுள்ள மடிப்புப்பட்டி போல அவை மூட்டைச் சுற்றியிருத்தலால், அவற்றைத் தோளின் சுழற்றுத் தசைப்பட்டி என்பர்.

அந்நான்கினுள் மேலேயுள்ளது கூரைக்குக் கீழே குறுகிய இடைவெளியினூடாகச் செல்கிறது. வயது ஏற ஏற அதன் நாண் நைந்து கிழிவது மற்றவற்றினும் மிகுதி. கூரைக்கும் நாணுக்கும் இடையே உராய்வைக் குறைப்பதற்கு, வழுவழுப்பான நீரைக் கொண்ட மெல்லிய பை ஒன்றும் உண்டு. அது வீங்கினாலும் தோள் நோகும்.

கையைக் காதுவரை உயர்த்தும்போது நிகழ்வது மூட்டின் அசைவு மட்டுமன்று. வீட்டிலுள்ள பிள்ளை ஒன்றை அழைத்து, அதன் முதுகிலே தோட்பட்டையின் கீழ்மூலையில் உங்கள் விரலை வைத்துக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தச் சொல்லுங்கள். சற்று உயர்ந்ததும் அந்த மூலை விரலின் கீழிருந்து நழுவி வெளிப்புறமாகச் சுழல்வதை உணர்வீர்கள். கழுத்திலிருந்து முதுகுவரை விரிந்த தசையும், விலாவில் இரம்பப் பற்கள் போலப் பற்றியிருக்கும் தசையும் சேர்ந்து தோட்பட்டையைச் சுழற்றுகின்றன. கலிபோர்னியாவிலே இன்மன், சோண்டர்ஸ், அபொட் என்னும் மூவர் 1944 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கை உயரும் 180 பாகைகளுள் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டின் பங்கு. 60 பாகை தோட்பட்டையின் பங்கு. இரண்டுக்கு ஒன்று என்னும் இந்தத் தாளக்கட்டு ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும் என்று பின்வந்தோர் கண்டனர். எனினும் அடிப்படை மாறவில்லை.

இன்னொரு சிறு சோதனை. தோள்நோ இல்லாதவர்கள் மட்டும் செய்யுங்கள். பெருவிரல் கீழ்நோக்கியிருக்கும்படி கையைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் உயர்த்துங்கள். தோளளவில் ஏதோ தடுப்பது போலிருக்கும். இப்பொழுது உள்ளங்கை மேல்நோக்குமாறு திருப்புங்கள். தடை நீங்கிக் கை எளிதாக உயரும். புயவென்பின் தலைக்கு அருகிலுள்ள மேடு கூரையிலே முட்டாதிருக்க வேண்டுமாயின் என்பு வெளிப்புறமாகச் சுழல வேண்டும். நாம் அறியாமலே ஒவ்வொரு முறையும் அச்சுழற்சி நிகழ்கிறது.

இத்துணை நுட்பமான ஒன்றை நாம் எவ்வாறு பேணுகிறோம்? என் அனுபவத்தில் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முன்னர் ஒரு கலவன் பாடசாலையில் நான் உதவி அதிபராக இருந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டி நாளன்று, தடைதாண்டி ஓடிய மாணவன் ஒருவன் நீட்டிய கையோடு விழுந்தான். அவனுடைய தோளின் உருண்டை வடிவம் போய், தோள்முனை கூர்மையாகத் துருத்திக்கொண்டு நின்றது. கூடியிருந்த பெரியவர்களிற் சிலர், "தோள் விலகிவிட்டது, கையைப் பிடித்து இழுத்தால் சரியாகிவிடும்" என்று முன்வந்தார்கள். ஒருவர் தம் குதிக்காலை அவன் கக்கத்தில் வைக்கவும் ஆயத்தமானார். அவரைக் குற்றஞ்சொல்ல முடியாது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூலிலேயே அம்முறை கூறப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் இடையிலே புகுந்து தடுத்தார். கை இருந்த நிலையிலேயே ஒரு சால்வையால் உடம்போடு சேர்த்துக் கட்டினார். வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று கதிர்ப்படம் எடுத்தபோது, மூட்டு நழுவியதோடு புயவென்பின் மேட்டிலே ஒரு துண்டு உடைந்திருப்பதும் தெரிந்தது.

அன்று நாங்கள் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகிறது. கக்கத்தின் வழியேதான் கைக்குரிய பெரிய குருதிக்குழாயும் நரம்புகளும் செல்கின்றன. டெல்டாத் தசைக்குரிய நரம்பு புயவென்பின் கழுத்தைச் சுற்றி, மூட்டுக்கு மிக அருகே செல்கிறது. முரட்டு இழுப்பில் அவை நைந்துபோகக்கூடும். மேலும், இளவயதிலே ஒருமுறை நழுவிய தோள் மீண்டும் நழுவும் வாய்ப்பு மிகுதி. குழியின் விளிம்பு வளையம் முன்புறத்தில் பிய்ந்துபோவதே அதற்குரிய முக்கிய காரணம் என்று இலண்டன் சத்திரவைத்தியர் பாங்காட் 1923 இல் எடுத்துக்காட்டினார். ஆகவே, நழுவிய தோளை மூட்டில் ஏற்றுவதும் அதன் பின்னர் பேணுவதும் பயிற்சி பெற்றோர் செய்யவேண்டிய பணி. மைதானத்திலே நம் கடமை, இழுக்காதிருப்பதும், அசையாமல் தாங்குவதும், விரைந்து கொண்டுசெல்வதுமே.

மற்றைய நிகழ்ச்சி என்னுடையது. கை உயராது போனபின் நான் செய்த பிழை, மைதானத்தில் அவர்கள் செய்ய முனைந்த பிழைக்கு நேர்மாறானது. அவர்கள் இழுக்க முனைந்தார்கள். நானோ அசைக்கவே மறுத்தேன். நோகும் உறுப்பிற்கு ஓய்வே மருந்து என்று அயலார் எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் பூசிக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாதங்கள் கழித்தேன். இரவில் அப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. கொண்டை முடிவதற்குக் கை பின்னே செல்லவில்லை. என் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த நாட்களில், காலையில் என்னை நாற்காலியில் இருத்தித் தலைவாரி முடிந்துவிடுவாள். அவள் குழந்தையாயிருந்தபோது நான் செய்ததை அவள் எனக்குச் செய்தாள். "எப்பொழுது அம்மா வைத்தியரிடம் போகப் போகிறீர்கள்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். பரீட்சை முடியட்டும், பரிசளிப்பு விழா முடியட்டும் என்று நான் நாளைக் கடத்தினேன். ஒருநாள் அவள் சீப்பை மேசையில் வைத்துவிட்டு, "இன்று போனால்தான் முடிந்துவிடுவேன்" என்றாள். விரித்த தலையோடு பாடசாலைக்குப் போக இயலாதாகையால் அன்று இணங்கினேன்.

வைத்தியர் என் முழங்கையை இடுப்போடு சேர்த்து வைத்து, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னார். திரும்பவில்லை. பின் அவரே மெல்லத் திருப்பிப் பார்த்தார், அப்பொழுதும் திரும்பவில்லை. "தசைநாண் கிழிந்திருந்தால் உங்களால் அசைக்க முடியாவிட்டாலும் என்னால் அசைக்க முடியும். இங்கோ என்னாலும் முடியவில்லை. உறை சுருங்கிவிட்டது" என்றார். முன்னர் சொன்ன சட்டை உவமையை இப்பொழுது நினைத்துக்கொள்ளுங்கள். கக்கத்திலே தளர்வாயிருக்க வேண்டிய துணி தடித்துச் சுருங்கிப்போனால் கையை எங்ஙனம் உயர்த்துவது? பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் கொட்மன் 1934 இல் இந்நோய்க்கு உறைந்த தோள் என்று பெயரிட்டார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களினும் பெண்களுக்கு இது மிகுதியாக வருகிறது. முதலில் வலி, பின்னர் இறுக்கம், இறுதியில் மெல்ல மெல்ல இளக்கம் என்று மூன்று கட்டங்களாக, ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை நீளக்கூடும்.

அதன்பின் அவர் கேட்ட வினா நான் எதிர்பாராதது: "உங்கள் குருதியிலே சீனியின் அளவை எப்பொழுது பார்த்தீர்கள்?" நான் பார்த்ததேயில்லை. பார்த்தபோது, எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நீரிழிவு உடையோருக்கு உறைந்த தோள் வரும் வாய்ப்பு மற்றையோரினும் பன்மடங்கு என்று அன்றே அறிந்தேன். "உங்கள் தோள் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறது, கண்ணிலோ சிறுநீரகத்திலோ நோய் தோன்றிய பின் வந்திருந்தால் காலம் கடந்திருக்கும்" என்றார் அவர். மூன்று மாதங்களாக நான் சபித்துக்கொண்டிருந்த தோள், எனக்கு எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தது.

மருந்தோடு பயிற்சியும் தந்தார்கள். முன்னே குனிந்து, நல்ல கையால் மேசையைப் பற்றிக்கொண்டு, நோகும் கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் மெல்ல ஆட்டுவது ஒன்று. இது கொட்மன் வகுத்த பயிற்சி. சுவரிலே விரல்களை நண்டு ஊர்வதுபோல் மேலே மேலே நகர்த்துவது மற்றொன்று. நான் சுவருக்குப் பதிலாகக் கரும்பலகையைத் தேர்ந்தேன். பிள்ளைகள் சென்றபின், அன்று விரல் எட்டிய இடத்தில் வெண்கட்டியால் ஒரு சிறு கோடு போடுவேன். சில நாட்களில் கோடு உயரவேயில்லை. ஒரு கிழமையில் கீழேயும் இறங்கியது. பதினான்கு மாதங்களின் பின் பலகையின் மேல்விளிம்பைத் தொட்டேன். இன்றும் கை முதுகுக்குப் பின்னே முன்போல முழுமையாகச் செல்வதில்லை. ஆயினும் கொண்டையை நானே முடிந்துகொள்கிறேன்.

நேயர்களே, உங்களிடம் நான் வேண்டுவன சில. தோள் சில கிழமைகளுக்கு மேல் நொந்தால், அல்லது ஒரு திசையில் திரும்ப மறுத்தால், வயதின் இயல்பு என்று ஒதுக்காதீர்கள்; வைத்தியரிடம் காட்டுங்கள்; குருதியிலே சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோள் வலியோடு மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன சேர்ந்தால் அது தோளின் நோயாக இல்லாமல் நெஞ்சின் நோயாக இருக்கக்கூடும். ஒரு நொடியும் தாமதியாது வைத்தியசாலையை அடையுங்கள். வைத்தியர் ஓய்வு கொடுக்கச் சொன்னால் ஓய்வு கொடுங்கள். அசைக்கச் சொன்னால், நொந்தாலும் அவர் காட்டிய அளவுக்கு அசையுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நான் அவ்வாறு முடிவு செய்ததில் மூன்று மாதங்களை இழந்தேன்.

நேற்றுக் காலையில் ஆறாம் வகுப்பிலே ஒரு வினாக் கேட்டேன். நாற்பது கைகள் எழுந்தன. அவற்றுள் எத்தனை விடைகள் சரியானவை என்பது வேறு விடயம். என்புகளும் இணையங்களும் தசைகளும் தாளம் தவறாது இயங்க, நாற்பது தோள்களும் நோவின்றி உயர்ந்து நின்றதைக் கண்டு, கீழே இறக்குங்கள் என்று சொல்ல எனக்குச் சற்றுநேரம் மனம் வரவில்லை.